வண்ணப்பொடி ஓட்டத்துக்குத் தொண்டராக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் முற்றவெளியில் தொடங்கி, கடலுக்குக் குறுக்கே தீவுப்பக்கம் போகும் பண்ணைப் பாலத்தில் ஏறி, நடுவில் திரும்பி, மறுபடியும் முற்றவெளிக்கே வந்து முடியும் 5 கிலோமீற்றர் வண்ணப்பொடி ஓட்டம் இது. தொண்டர்களைச் சேர்க்கத் தொடங்கினால் முதல் கிழமையிலேயே ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது, விடுபட்டது ஓட்ட நாளன்று சந்தியில் வந்து நிற்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். வாசித்துவிட்டு வாருங்கள்.

இது போட்டியா?

இல்லை. ஆட்கள் வெள்ளை உடுப்போடு வருவார்கள், வழியில் மூன்று இடங்களில் அவர்கள் மேல் நிறப்பொடி தூவுவோம், முடிக்கும்போது ஆளை ஆள் அடையாளம் தெரியாது. நேரம் குறிப்பதில்லை, முதலாம் இரண்டாம் பரிசும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவில் 2012 இல் தொடங்கிய வடிவம் இது, வட இந்தியாவின் ஹோலியில் இருந்து எடுத்தது.

உங்களுக்குத் தெரிய வேண்டியது யார் ஓட வருகிறார்கள் என்பதுதான். துரையப்பா விளையாட்டரங்கில் ஓடிப் பழகிய பிள்ளைகள் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். மிச்சப் பேர் பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒருநாளும் ஓடியிராத அம்மாமார், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற அப்பப்பா, விடுமுறைக்குக் கனடாவில் இருந்து வந்த குடும்பம், டொக்டர் நடக்கச் சொன்னதால் நடக்கத் தொடங்கிய ஆட்கள். ஓடத் தெரிந்தவர் ஒரு தொண்டரும் இல்லாவிட்டாலும் 5 கிலோமீற்றரை முடித்துவிடுவார். நாங்கள் நிற்பது மற்றவர்களுக்காக, அதிலும் கடைசியாக வருகிறவர்களுக்காக. கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகிறது.

எனக்கு ஓடவே வராது, நான் வரலாமா?

கட்டாயம் வாருங்கள். தொண்டருக்குத் தேவை இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கக்கூடிய கால், கேட்கக்கூடிய குரல், சொன்ன இடத்தை விட்டு நகராத மனம். இளைப்பாறிய ஆசிரியர்களை நான் தேடிப் பிடித்துச் சேர்ப்பேன், சந்தியில் அவர்கள் நின்றால் ஓட்டோக்காரரும் பேசாமல் நிறுத்துவார், பாதிப்பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள். நிற்க முடியாதவர்களுக்குப் பதிவு மேசையில் கதிரை உண்டு.

16 வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியாக எடுப்பதில்லை, அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் இருவரையும் ஒரே இடத்தில் போடுவோம். 18 வயதுக்குக் குறைந்த எல்லோரும் வீட்டில் கையெழுத்து வாங்கிய கடிதம் கொண்டுவர வேண்டும். உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்தால் தயவுசெய்து அடுத்த முறை வாருங்கள்.

என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

பதிவு மேசை, உடுப்புப் பை வைக்கும் இடம், சந்திக் காவல், தண்ணீர் மேசை, பொடி தூவுமிடம், முதலுதவிக்காரருக்குத் துணை, கடைசி ஆளோடு நடந்து வருவது, துப்புரவு. 600 பேர் ஓடினால் 70 தொண்டர்கள் வேண்டும் என்பது எங்கள் கணக்கு, 80 பேர் பெயர் கொடுத்தால்தான் அந்தக் காலை 70 பேர் வந்து நிற்பார்கள்.

எல்லோரும் கேட்பது பொடி தூவுமிடத்தைத்தான். அதில் 24 பேருக்குமேல் இடமில்லை. சந்திக் காவலை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஓட்டம் நல்லபடி முடிந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது சந்தியில் நின்றவர்கள்தான். முதன்முறை வருகிறவர் சந்தியைக் கேட்டு வாங்கினால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? இருட்டில் மகளை எப்படி அனுப்புவது?

ஓட்டம் ஞாயிறு காலை 6 மணிக்கு. யாழ்ப்பாணத்தில் 7 மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும், பண்ணைப் பாலத்தில் ஒரு மர நிழல்கூட இல்லை, அதனால் இதைவிடப் பிந்தித் தொடங்க முடியாது. தொண்டர்கள் 4.45க்கு முற்றவெளியில் நிற்க வேண்டும், பொடி தூவுகிறவர்கள் மட்டும் 5.15க்கு வரலாம்.

மகள்மாரைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி, நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விடியும்வரை எந்தப் பிள்ளையையும் சந்தியில் தனியாக நிறுத்துவதில்லை, எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் வயது வந்தவர். வீட்டில் இருந்து கூட்டிவருவதும் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் உங்கள் பொறுப்பு, அதை நாங்கள் ஏற்றுக்கொண்டு பாதியில் கைவிடுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஊரில் இருந்து நாலைந்து பேர் வந்தால் உங்கள் இலக்கங்களை ஒன்று சேர்த்துத் தருவோம், ஒரு வானில் வரலாம். நீங்களும் கூட வந்து ஒரு வேலை செய்தால் இன்னும் நல்லது, அப்படி வந்த அம்மாமார்தான் இன்றைக்கு எங்கள் பதிவு மேசையை நடத்துகிறார்கள்.

கழிவறை முற்றவெளிப் பக்கம் மட்டும்தான், பாலத்தில் இல்லை. பாலத்தில் நிற்கிறவர்களை இடையில் ஒருமுறை மாற்றிவிட மோட்டார் சைக்கிளில் ஆள் வரும். அந்த ஆள் வராமல் இடத்தை விடவேண்டாம், அவசரமென்றால் போன் எடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

என்ன உடுத்த வேண்டும்?

ஓடுகிறவர்கள் வெள்ளை, தொண்டர்கள் எல்லோரும் நாங்கள் தரும் நீல ரீசேர்ட், தூரத்தில் இருந்தே ஆள் தெரிய வேண்டும் என்பதற்காக. மூடிய சப்பாத்து, தொப்பி. தலைக்கும் முகத்துக்கும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வந்தால் நிறம் ஒட்டாமல் கழுவும்போது இலகுவாகப் போய்விடும். கண்ணுக்குள் வைக்கும் வில்லை போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடியோடு வாருங்கள். போனைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், மாத்தூள் உள்ளே போனால் எடுப்பது கஷ்டம்.

தண்ணீர் மேசையில் தண்ணீர் கொடுப்பதுதானே, அதில் பழக என்ன இருக்கிறது?

நல்லூர்த் திருவிழாவில் தாகசாந்தி நிலையத்தில் நின்றவர்களுக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். வித்தியாசம் ஒன்றுதான், திருவிழாவில் ஆள் நின்று குடிப்பார், இங்கே ஓடிக்கொண்டே வாங்குவார்.

கப்பை அரைவாசிக்குமேல் நிரப்பாதீர்கள், நிரப்பினால் வாங்குகிறவரின் முகத்திலும் ரோட்டிலும்தான் ஊற்றும். விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக் கையை நீட்டுங்கள், அவர் கப்பின் நடுவைப் பிடிக்க இடம் இருக்கும். வரிசையாக நாலு மீற்றர் இடைவெளி விட்டு நில்லுங்கள், எல்லோரும் முதல் மேசையில் கூடினால் அங்கேயே நெரிசல். ‘தண்ணீர், தண்ணீர்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள், பொடி கண்ணுக்குள் போனவருக்கு மேசை தெரியாது. கப்புகளை முன்கூட்டியே நிரப்பி அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு மட்டை வைத்தால் மூன்று அடுக்குவரை நிற்கும். வெறுங்கப்பை மேசையில் நிமிர்த்தி வைக்க வேண்டாம், காற்று தூக்கிக்கொண்டு நேரே கடலுக்குள் போடும்.

தண்ணீர்க் கணக்கு இது. 600 பேர், போகும்போது ஒன்று வரும்போது ஒன்று, ஒவ்வொரு முறையும் தலைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 180 லீற்றர். இரட்டிப்பாக 360 லீற்றர் வைப்போம், கழுவவும் ஊற்றவும் தேவைப்படும். கடலோரக் கிணறுகளில் உவர்த்தண்ணீர்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் நல்ல தண்ணீரைப் பவுசரில் கொண்டுவருகிறோம். பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளிக் கலக்க வேண்டாம். முடிவில் தேசிக்காய்த் தண்ணீரும் வத்தகப்பழமும் இருக்கும்.

இதை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஒரு குழு வந்து 20 கப்பை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு போகும், சந்தோஷமாக இருக்கும், நாங்களும் கொடுத்துக்கொண்டே இருப்போம். முக்கால் மணித்தியாலம் கழித்து, வெயில் ஏறின பிறகு, மெல்ல நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் முடிந்திருக்கும். ஆகக் கூடுதலாகத் தண்ணீர் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான், வெயிலில் அதிக நேரம் நின்றவர்கள் அவர்கள்தான். அதனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பரல் மூடியே இருக்க வேண்டும், கடைசி நூறு பேர் வரும்போதுதான் திறப்பது.

குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாமா?

வேண்டாம், நீட்டினால் போதும். 2002 பொஸ்டன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானவர்களுக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது, ஓடும்போது அளவுக்குமேல் குடித்ததுதான் பெரிய காரணம். அது 42.195 கிலோமீற்றர், எங்களுடையது ஐந்துதான், அந்த ஆபத்து இங்கே மிகக் குறைவு. ஆனாலும் தாகமில்லாதவரை ‘குடியுங்கோ குடியுங்கோ’ என்று நிறுத்தி வைத்துக் கொடுப்பது உபசரிப்பு ஆகாது.

பொடி என்ன பொடி? ஆபத்தில்லையா?

சோளமாவில் சாப்பாட்டுக்குப் போடும் நிறம் சேர்த்தது. துணிக்குப் போடும் சாயம், கோலமா, குங்குமம் எதையும் யாரும் கொண்டுவந்து கலக்கக் கூடாது. சோளமா வாய்க்குள் போனால் ஒன்றும் செய்யாது, மூச்சுக்குள் போவது வேறு. தொய்வு, முட்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் பொடி தூவுமிடத்தில் நிற்கவே வேண்டாம், ஓட வருகிறவர்களுக்கும் ஒரு பக்கமாகப் பொடி படாமல் போகப் பாதை விட்டிருக்கிறோம், அந்தப் பாதையை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள். தூவுகிறவர்கள் முகக்கவசமும் கண்ணாடியும் போட வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஓடுகிறவர் அரை நிமிடம் அந்தத் தூசுக்குள் இருக்கிறார், நீங்கள் ஒரு மணித்தியாலம் நிற்கிறீர்கள்.

தோளுக்குக் கீழே தூவுங்கள். முகத்துக்கு நேரே எறியாதீர்கள், கைக்குழந்தை, முதியவர், கையைக் காட்டி வேண்டாம் என்கிறவர், இவர்களுக்கு இல்லை. கண்ணுக்குள் போய்விட்டால் கசக்க விடாமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், சோளகம் வீசுகிற மாதங்களில் எதிர்த்துத் தூவினால் அத்தனையும் உங்கள் மேல்தான் வந்து விழும்.

இனி நான் கெஞ்சிக் கேட்கும் ஒன்று. 2015 ஜூன் 27 அன்று தாய்வானில் ஒரு நீர்ப் பூங்காவில் நடந்த கொண்டாட்டத்தில் இதே மாதிரி நிறம் போட்ட சோளமா காற்றில் அடர்த்தியாகப் பறந்துகொண்டிருக்கும்போது தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 பேர் எரிகாயப்பட்டார்கள். சட்டியில் குவிந்து கிடக்கும் மா இலகுவில் பற்றாது, காற்றில் புகைபோல் பறக்கும் மா ஒரு பொறியில் பற்றும். ஆகவே பொடி இருக்கும் இடத்தில் சிகரட் இல்லை, லைட்டர் இல்லை, கற்பூரம் இல்லை, தொடக்கத்தில் சீனவெடி இல்லை, நிறப்புகை கக்கும் குழாய் இல்லை, ஜெனரேட்டர் தள்ளி நிற்கும். காற்றை ஊதித் தூவும் இயந்திரம் நாங்கள் பாவிப்பதில்லை, கையால் மட்டும். மூடிய இடத்திலோ மேடைக்கு முன்னால் கூட்டமாகவோ ஒரேயடியாக எறிவதும் இல்லை. பட்டாசு இல்லாமல் என்ன கொண்டாட்டம் என்று கேட்டு ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு கட்டு வெடியோடு வருகிறார். அவரிடம் கோபப்படாதீர்கள், இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள், வாங்கி வைத்துவிட்டு முடிந்தபிறகு திருப்பிக் கொடுங்கள். தவில் நாதஸ்வரத்தோடு தொடங்குவோம், அது போதும்.

பாலத்தில் பொடி தூவுவோமா?

இல்லை. இரண்டு பக்கமும் கடல்நீர், காற்றும் பலம், வலை போட்டுக்கொண்டு நிற்கிறவர்களும் இருப்பார்கள். பொடி தூவும் மூன்று இடமும் முற்றவெளிப் பக்கமும் கோட்டைப் பக்கமும்தான்.

சந்தியில் நிற்கிறவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்களுக்கு வாகனத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை, அது பொலிசாருக்கு உரியது. நீங்கள் கேட்கலாம். ‘கொஞ்சம் பொறுங்கோ ஐயா, சின்னப் பிள்ளையள் வருகினம்’ என்று கேட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் நிறுத்துவார்கள். நிறுத்தாதவருக்கு முன்னால் பாயாதீர்கள், ஓடுகிறவர்களை நிறுத்துங்கள். அம்புலன்ஸ் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி வழிவிடுங்கள், போதனா வைத்தியசாலை நகருக்குள்தான் இருக்கிறது.

பண்ணை வீதியை முழுதாக மூடுவதில்லை. ஞாயிறு காலையில் குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் அந்த வழியால்தான் போகும், நயினாதீவுக்குப் போகிற சனம் படகைப் பிடிக்க வேண்டும், தீவுப்பக்கத்தில் இருந்து மீன் ஏற்றிய வாகனங்களும் வரும். ஓடுகிறவர்களுக்கு ஒரு பக்கம், வாகனத்துக்கு ஒரு பக்கம், நடுவில் கோன். அந்தக் கோன் வரிசையைத் தாண்டி யாரும் முந்திக்கொண்டு ஓடாமல் பார்ப்பதுதான் பாலத்தில் நிற்கிறவரின் பெரிய வேலை.

ஓடுகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள். வழியைச் சொல்லுங்கள், தூரத்தை உண்மையாகச் சொல்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று சும்மா சொல்லாதீர்கள். ஒன்றரைக் கிலோமீற்றர் மிச்சம் இருக்கும்போது அதை நம்பி ஓடுகிறவர் நடுவில் உடைந்துபோவார். ‘அக்கா, இன்னும் ஒன்றரை, மெல்லமா வாங்கோ, தண்ணீர் முன்னுக்கு இருக்கு’ என்றால் அவர் தன் மூச்சுக்கு ஏற்ற மாதிரி வருவார்.

ஒருமுறை என் கண்முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வளைவில் நின்ற தம்பி நல்ல பிள்ளை, முக்கால் மணித்தியாலம் கையை நீட்டி வழி காட்டிக்கொண்டே நின்றான். பத்து நிமிடம் ஒருவரும் வரவில்லை. முற்றவெளியில் பாட்டுச் சத்தம் கேட்டது, எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று நினைத்து அவனும் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு தாயும் எட்டு வயது மகளும் வந்தார்கள். வழி காட்ட ஆளில்லை, நேரே போகாமல் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி, சந்து சந்தாக நடந்து, கடைசியில் ஓர் ஓட்டோ பிடித்து முற்றவெளிக்கு வந்து இறங்கினார்கள். பிள்ளை அழவில்லை, அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். முடிவுக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொடி தூவ ஒருவரும் மிச்சம் இல்லை. அந்த வெள்ளை உடுப்பு இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிழை அந்தத் தம்பியில் இல்லை, எப்போது போகலாம் என்று அவனுக்கு நான்தான் சொல்லாமல் விட்டேன்.

அப்போ கடைசி ஆள் போய்விட்டாரா என்று எப்படித் தெரியும்?

எல்லோருக்கும் பின்னால் பச்சைக் கொடியோடு இரண்டு தொண்டர்கள் நடந்து வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். பச்சைக் கொடி உங்களைத் தாண்டும்வரை ஓட்டம் முடியவில்லை. பத்து நிமிடம் ரோட் வெறுமையாகக் கிடந்தாலும் முடியவில்லை.

2004 இல் லண்டனில் ஒரு பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று உலகம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நடக்கும் பார்க்ரன் ஓட்டங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு, கடைசியாக வருபவர் எப்போதும் ஒரு தொண்டர்தான், அதனால் ஓட வந்த யாரும் கடைசி என்ற பெயரோடு வீட்டுக்குப் போவதில்லை. கொடியோடு நடக்கிறவர் கடைசி ஆளை விரட்டக் கூடாது, நேரத்தைக் காட்டக் கூடாது. பக்கத்தில் நடந்து கதையுங்கள், எந்த ஊர், பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தால் பாலம் முடிவது தெரியாது. சின்னப் பிள்ளையோடு வருகிறவர் மணிக்கு நாலு கிலோமீற்றர்தான் நடப்பார், ஒன்றேகால் மணித்தியாலம் ஆகும், இடையில் இருந்து எழும்பினால் ஒன்றரை. பொடி தூவுமிடம் ஒவ்வொன்றிலும் இவர்களுக்கென்று ஒரு வாளிப் பொடி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

யாராவது மயங்கி விழுந்தால்?

உங்கள் அட்டையில் முதலுதவிக் குழுவின் இலக்கம் இருக்கும், அதற்கு எடுங்கள். ஆள் நினைவில்லாமல் இருந்தால் நேரே 1990, இலவச அம்புலன்ஸ், 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது. எந்த இடம் என்று சொல்லத் தெரிய வேண்டும். உங்களுக்குத் தந்த இடத்தின் இலக்கம், பக்கத்தில் என்ன கட்டடம், இதைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

வெயிலில் ஓடுகிறவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தோல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு ஆக இருக்கலாம். உடம்புக்குள் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே, அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள், ஓடுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டே இது வரும். அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்திலும் கமக்கட்டிலும் வையுங்கள். முதலில் குளிர்த்துவது, பிறகுதான் ஏற்றிக்கொண்டு போவது. நினைவு தெளிவில்லாதவரின் வாய்க்குள் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். சுற்றி நின்று வீடியோ எடுக்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதும் உங்கள் வேலை.

நெஞ்சு நோகிறது என்று ஒருவர் சொன்னால் ‘வாயுவாக இருக்கும்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். இருத்திவிட்டு 1990க்கு எடுங்கள்.

நாய் துரத்தினால்?

விடியற்காலையில் ஒழுங்கை வாசல்களில் நாய்கள் நிற்கும். கல்லெடுக்க வேண்டாம், ஒன்றுக்கு எறிந்தால் நாலு குரைத்துக்கொண்டு வரும். ஓடுகிறவரை நடக்கச் சொல்லுங்கள், நீங்கள் நடுவில் நில்லுங்கள். கடித்தாலும் பல் பட்டுக் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சின்னக் காயம்தானே என்று யாரையும் வீட்டுக்கு விடாதீர்கள்.

தமிழ் தெரியாதவர்கள் வந்தால்?

கொழும்பு, கண்டிப் பக்கம் இருந்து ஆட்கள் வருகிறார்கள். தண்ணீருக்கு ‘வத்துர’, நேரே போக ‘கெலின் யன்ன’. இரண்டு சொல்லும் ஒரு சிரிப்பும் போதும், மிச்சத்தைக் கையால் காட்டுங்கள்.

கோயில், தேவாலயத்துக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் வராதா?

வரும், அதனால்தான் கேட்டுக்கொண்டு செய்கிறோம். ஞாயிறு காலை பூசைக்குப் போகிற சனமும் இருக்கிறது, ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் ஓட்டத்துக்கு வந்தவர்கள் இல்லை. வழிபாட்டு இடத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி இல்லை, பொடி இல்லை. வெள்ளைச் சேலையோடு ஓர் அம்மா ரோட்டைக் கடக்க நின்றால் ஓடுகிறவர்களை நிறுத்தி அவரை முதலில் விடுங்கள், அவர் சேலையில் ஒரு துளி நிறம் பட்டாலும் அடுத்த முறை அந்த ஊரில் எங்களுக்கு மரியாதை இருக்காது.

சாப்பாடு, காசு, சான்றிதழ்?

காசு இல்லை, போக்குவரத்துச் செலவும் இல்லை. காலையில் தேநீரும் பணிசும் கதலிப்பழமும், முடிய ஒரு சோற்றுப் பார்சல், மரக்கறியா மீனா என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் உண்டு, கடைசிவரை நின்றவர்களுக்கு மட்டும். பாதியில் போனவர் பிறகு வந்து கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல மனவருத்தமாக இருக்கிறது, அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவராதீர்கள்.

வர முடியாமல் போனால்?

முதல்நாள் பின்னேரம் 6 மணிக்குள் சொல்லுங்கள், காரணம் தேவையில்லை. சொல்லாமல் விட்டால் ஒரு சந்தி வெறுமையாக நிற்கும்.

மழை பெய்தால்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வைப்பதே இல்லை. தூறலென்றால் ஓட்டம் நடக்கும், பொடி மட்டும் குறையும், நனைந்த மா ரோட்டில் வழுக்கும். இடி மின்னல் என்றால் யாரும் பாலத்துக்கு ஏறக் கூடாது, ஏறினவர்களைத் திருப்பி அனுப்புங்கள்.

துப்புரவு யாருடைய வேலை?

எல்லோருடையதும். உங்கள் இடத்துக்கு இரண்டு பக்கமும் 50 மீற்றர். பொடியை முதலில் காய்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றினால் களியாகி ஒட்டிக்கொள்ளும். அள்ளினதைச் சாக்கில் கட்டுங்கள். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள், யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி இருக்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் இவ்வளவு சனமும் இருக்கிறது. உங்கள் உடுப்பையும் முதலில் வெளியில் உதறிவிட்டுப் பிறகு தோயுங்கள். கடலுக்குள் பறந்த கப்புகளை எடுக்க இறங்க வேண்டாம், கரையில் ஒதுங்கினதை எடுத்தால் போதும்.

எப்போது வீட்டுக்குப் போகலாம்?

பச்சைக் கொடி உங்களைத் தாண்ட வேண்டும். பிறகு உங்கள் இடத்தைக் கூட்டிவிட்டு, கோன்களை ரோட்டோரம் அடுக்கிவிட்டு, குழுத் தலைவருக்கு ஒரு போன். அவர் சரி என்றால் கிளம்பலாம். ஆனால் கொடி உங்களைத் தாண்டும்போது, கோன்களைப் பிறகு வந்து அடுக்கலாம் என்று விட்டுவிட்டு அதோடு சேர்ந்து முற்றவெளிவரை நடந்து வந்தால் நல்லது, இப்போது எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு சந்தியாக நீல ரீசேர்ட்டுகள் சேர்ந்துகொண்டே வரும். கடைசியாக வருகிற அம்மாவும் பிள்ளையும் முடிவுக் கோட்டுக்கு வரும்போது பின்னால் ஐம்பது பேர் நடந்து வருவார்கள், முன்னால் ஒருவர் வாளியோடு நிற்பார்.